இரண்டாவது காசு

ஆரல்வாய்மொழியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மேற்கு மலைத் தொடர் தெற்கே முடிவதற்குச் சற்று முன்னால், மலைக்கும் மலைக்கும் நடுவில் ஒரு வாசலைத் திறந்துவிட்டாற்போல் இருக்கிறது அந்தக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் அவ்வழியே வரும் காற்று, மேல்துண்டோடு புறப்பட்டவனைத் துண்டில்லாமல் வீடு சேர்ப்பிக்கும். முப்பந்தல் பக்கத்தில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் இப்போது அந்தக் காற்றுக்கும் ஓர் உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிட்டன.

முன்பு அந்த வாசல் காற்றுக்கு மட்டும் வாசலாக இருக்கவில்லை. ஒரு ராஜ்யத்துக்கே வாசலாக இருந்தது. கிழக்கே ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லா, மேற்கே திருவிதாங்கூர். பொதிமாட்டுக்காரன் நாலு எட்டு நடந்தால் சட்டம் மாறும், வரி மாறும், மடியிலிருக்கும் காசும் மாறும். மேற்கே 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். அது திருவிதாங்கூர் சர்க்காரின் கணக்கு ரூபாய். ஆங்கிலேயர் ரூபாய் வேண்டுமென்றால் 28 சக்கரத்துக்கு மேலே 8 காசு கூட வைக்க வேண்டும். இரண்டு ராஜ்யங்களுக்கும் நடுவிலிருந்த வித்தியாசம், கடைக்காரன் கணக்கில், அந்த 8 காசுதான்.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. சக்கரமும் காசும் பெட்டியடிக்குப் போயின. அப்படிப் பெட்டியடிக்குப் போன காசுகளில் ஒரு பாட்டில் நிறைய, ஆரல்வாய்மொழியில் ஒரு பெரியவரிடம் இருந்தது. அவருடைய தகப்பனார் எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இவரும் அதே கடையில் ஐம்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான்.

சென்ற ஆண்டு அவரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. "தம்பி, ஒரு காரியம் இருக்கு. வந்தீருன்னா நேர்ல சொல்லுவேன். வரும்போ உம்ம கண்ணாடியையும் எடுத்துக்கிடும்" என்றார். அவர் சொன்னது மூக்குக் கண்ணாடியை அல்ல, பூதக் கண்ணாடியை. திருவிதாங்கூர்க் காலத்து நாவல் ஒன்றுக்காக ஒரு சமயம் பழைய நாணயங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். நாலைந்து கட்டுரைகளும் எழுதினேன். அதிலிருந்து, எனக்கு நாணயம் தெரியும் என்று சிலர் நம்புகிறார்கள். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால், அந்த நம்பிக்கை எனக்குச் சில சமயங்களில் சங்கடமாகவும் இருக்கிறது.

அண்ணாச்சி ஒரு செப்புக் காசை என் உள்ளங்கையில் வைத்தார். ஒற்றைக் காசு. ஒரு பக்கம் சங்கு. மறு பக்கம் அதன் மதிப்பு. அந்தக் காசில் ஆண்டு கிடையாது. எத்தனையோ வருஷம் அதே முகத்தோடு வெளிவந்த காசு. எது எந்த வருஷத்தது என்று காசைக் கேட்டால் சொல்லாது. ஆனால் இவர் கொடுத்ததில் சங்கின் அடியில் ஒரு புள்ளி இருந்தது. மற்றக் காசுகளில் அது இல்லை.

"இது தனி அச்சாக்கும்" என்றார் அண்ணாச்சி. குரலை அவர் தாழ்த்திக்கொண்டாலும் ஆசை தாழவில்லை. நாணயம் சேர்க்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது தனி வகையென்று விஷயம் தெரிந்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். பேத்திக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் வருஷக் கட்டணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. "நீரு ஒரு வரி எழுதித் தந்தா போதும்" என்றார். அவர் ஏமாற்றச் சொல்லவில்லை. அவர் அதை உண்மை என்றே நம்பினார்.

நானும் நம்ப விரும்பினேன். அதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில் வாசகர்களுக்குக் கொஞ்சம் தொழில் நுட்பம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாணயத்தை அச்சடிப்பது எஃகு அச்சு. நாணயத்தில் மேடாக வரவேண்டியது அச்சில் பள்ளமாக இருக்கும். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் உலோக வில்லை. பெரும் பாரத்தோடு ஒரு தட்டு, வில்லை காசாகிவிடும். இப்படி ஆயிரக்கணக்கில், பதினாயிரக்கணக்கில் தட்டு வாங்கும் எஃகும் தளரத்தானே செய்யும்? எழுத்துக்கள் விளிம்பை நோக்கிச் சரியும்; தடிக்கும்; சில இடங்களில் நிழல் விழுந்தாற்போல் இரட்டையாகவும் தோன்றும். அச்சில் விரிசல் கண்டால், அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து, காசில் ஒரு மெல்லிய கோடாக எழும்பி நிற்கும். அச்சு துருப்பிடித்துச் சின்னக் குழி விழுந்தாலோ, ஒரு துளி பெயர்ந்துபோனாலோ, காசில் ஒரு புள்ளி முளைக்கும். அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் அழுக்கும் அடைத்துக்கொண்டால், இருக்க வேண்டிய புள்ளியே காணாமல் போகும்.

ஆகவே ஒரு காசு மற்றொரு காசிலிருந்து மாறுபட்டால், அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அச்சைச் செய்யும்போதே அதில் அந்த மாறுபாடு அமைந்திருக்கலாம், அது பிறவி. அச்சு உழைத்து உழைத்துத் தேய்ந்ததால் வந்திருக்கலாம்; அது அச்சின் தேய்மானம். அல்லது காசு வெளியே வந்தபின் ஆயிரம் கை பட்டு, சுருக்குப் பையில் உரசி, மழுங்கியிருக்கலாம். அது காசின் தேய்மானம். மூன்றாவதைக் கண்டுபிடிப்பது எளிது. மேடான இடம்தான் முதலில் மழுங்கும். முதலாவதையும் இரண்டாவதையும் பிரித்தறிவதில்தான் பெரிய பெரிய ஆட்கள் சறுக்கி விழுந்திருக்கிறார்கள்.

புள்ளி என்றால் அற்பம் என்று நினைத்துவிடக் கூடாது. விக்டோரியா ராணியின் உருவம் பொறித்த 1862-ஆம் ஆண்டு ரூபாய், 1862-ல் மட்டும் அச்சானதல்ல. பன்னிரண்டு வருஷ காலம் அதே ஆண்டைச் சுமந்துகொண்டு அது வெளிவந்தது. பம்பாய் நாணயச் சாலையில் அந்த ஆண்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்தார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் ரூபாயின் உண்மை வயதை ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிறார்கள். இன்றைக்கும் நம் சட்டைப் பையிலிருக்கும் காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. ஒன்றும் இல்லாததும் ஓர் அடையாளம்! ஆனால் நொய்டா அச்சில் அழுக்கு அடைத்துப் புள்ளி விழாமல் போனால், அந்தக் காசு கல்கத்தாக் காசாகிவிடுமா? ஆகாது. பார்ப்பதற்கு மட்டும் அப்படி இருக்கும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு தாய் அச்சை ஒரு முறைக்கு மேல் அழுத்தித்தான் சேய் அச்சை உண்டாக்குவார்கள். 1955-ல் பிலடெல்பியா நாணயச் சாலையில் ஓர் அச்சுக்கு இரண்டாம் அழுத்தம் சற்றே திரும்பி விழுந்துவிட்டது. அந்த அச்சில் பிறந்த ஒரு சென்ட் காசுகள் எல்லாவற்றிலும் எழுத்தும் ஆண்டும் கண்ணுக்குத் தெரியும்படி இரட்டையாக இருந்தன. அவற்றில் 20,000-க்கு மேற்பட்டவை வெளியே போய்விட்டன. இன்று அந்தக் காசு ஒவ்வொன்றுக்கும் பெரிய விலை. ஆனால் அதே 1955-ல், தேய்ந்துபோன வேறோர் அச்சிலிருந்து வந்த காசுகளில் கடைசி 5 மட்டும் நிழலாடினாற்போல் தெரியும். இதற்கு "ஏழையின் இரட்டை அச்சு" என்று பெயர் சூட்டி விற்றார்கள். இரட்டையும் இல்லை, இரட்டை அச்சும் இல்லை. களைத்துப்போன அச்சு, அவ்வளவுதான். ஏழை என்பது மட்டும் உண்மை, வாங்கியவன் ஏழையானான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் நம் ஊர்க் கடைகளிலும் பஸ்களிலும் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார்களே, நினைவிருக்கிறதா? ஒன்றில் பத்துக் கதிர், இன்னொன்றில் பதினைந்து கதிர். ஒன்றில் ரூபாய்க் குறி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ஆகவே ஏதோ ஒன்று கள்ளக் காசு என்று எவனோ கிளப்பிவிட்டான். கடைசியில் 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே முன்வந்து, இதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளியிட்டிருக்கிறோம், அத்தனையும் செல்லும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அங்கே தேய்மானத்தைப் பிறவியென்று போற்றினார்கள். இங்கே பிறவியைப் போலியென்று தள்ளினார்கள். இரண்டிலும் காசின் மேல் தவறில்லை. ஒருவனுக்கு ஆசை, மற்றவனுக்குப் பயம். ஆசையும் பயமும் பூதக் கண்ணாடியைவிடப் பெரிதாகக் காட்டும்.

அந்த ஆசையை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிப் பணம் பறித்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்த வங்கி, இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. காசு கொடுத்து ஏமாந்தவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களில் எத்தனையோ அண்ணாச்சிகளும், எத்தனையோ பேத்திகளின் கட்டணமும் இருந்திருக்கும்.

சரி, பிறவியையும் தேய்மானத்தையும் எப்படித்தான் பிரித்தறிவது? இந்தக் கலை தெரிந்தவர்கள் பல குறிப்புகள் சொல்வார்கள். வேண்டுமென்று வைத்த புள்ளி வட்டமாக, ஒழுங்காக இருக்கும். குழி விழுந்து வந்த புள்ளிக்கு உருவம் இருக்காது. பிறவி இரட்டையில் இரண்டு எழுத்தும் தனித்தனியே உருண்டு திரண்டு நிற்கும். தேய்ந்த இரட்டை, படி இறங்கினாற்போல் தட்டையாகச் சரியும். இவையெல்லாம் பயனுள்ள குறிப்புகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை ஒன்று உண்டு. அது மிகச் சாதாரணமானது: இரண்டாவது காசைத் தேடு. பிறவி மாறுபாடு, அந்த அச்சில் விழுந்த முதல் காசிலும் இருக்கும், கடைசிக் காசிலும் இருக்கும், கூடாது, குறையாது. தேய்மானமோ ஒரு நாளில் தொடங்கும், வளரும், ஒரு காசில் இம்மியளவு, இன்னொன்றில் எள்ளளவு, பிறகு பயறளவு. ஒரே ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு பிரம்மாவாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதை அண்ணாச்சிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொரு ஞாபகம் வந்து நெஞ்சை அடைத்தது.

பல வருஷங்களுக்கு முன் என் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டெழுத்தில் படியெடுத்துக் கொடுக்க ஓர் இளைஞர் வந்துகொண்டிருந்தார். நான்கு வருஷம், சொன்ன நாளுக்குச் சொன்ன வேலை. ஒரு தடவை தொடர்கதை அத்தியாயம் ஒன்று பத்திரிகைக்குப் போய்ச் சேரவில்லை. கேட்டபோது, அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அது பொய். மூன்று நாள் கழித்துத்தான் போட்டிருந்தார். உறையின் மேலிருந்த முத்திரையே சொல்லிற்று. எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம்தான். ஆனால் அதோடு நான் நிற்கவில்லை. "அவன் வாயில் உண்மை வராது, பிறவியே அப்படி" என்று தெரிந்த பதிப்பாளர்கள் இரண்டு பேரிடம் சொன்னேன். எழுத்தாளன் சொல்லுக்கு அந்தச் சின்ன உலகத்தில் கொஞ்சம் மதிப்பு உண்டல்லவா? அவர்கள் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது ஒரு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் பதிப்பாளர்களிடம் போய் என் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பொய் சொன்னது உண்மைதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

அவர் பொய் சொன்னது உண்மைதான். கேள்வி அதுவல்ல. அந்தப் பொய் அச்சில் இருந்ததா, தேய்மானத்தில் வந்ததா என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள நான் இரண்டாவது காசைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான்கு வருஷக் காசுகள் ஒரு பாட்டில் நிறைய என் கையிலேயே இருந்தன. நான் அவற்றைக் கொட்டிப் பார்க்கவில்லை. விரிசல் கண்ட ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நம்மில் பெரும்பாலோர் இந்தத் தராசைத்தான் வைத்திருக்கிறோம். நான் கோபப்பட்டால் அன்று வெயில் அதிகம், தூக்கம் இல்லை, ரத்த அழுத்தம். அடுத்த வீட்டுக்காரன் கோபப்பட்டால் அவன் சுபாவமே அப்படி. என் பிள்ளை பரீட்சையில் தவறினால் கேள்வித்தாள் கடினம். தங்கை பிள்ளை தவறினால் மண்டையில் ஒன்றும் இல்லை. நம் குறையெல்லாம் தேய்மானம், பிறர் குறையெல்லாம் பிறவி. நிறை என்று வந்தால் கணக்கைத் தலைகீழாகப் போடுவோம். எழுத்தாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் எழுதிய பிறகு ஒருவனுடைய வாக்கியங்கள் பழகிய தடத்திலேயே சரிந்து விழும். அதே உவமை, அதே முடிப்பு. அச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதை அவன் "என் நடை" என்று சொல்லிக்கொள்வான். அன்புள்ள வாசகர்கள் அதை ஒப்புக்கொண்டும் விடுவார்கள். ஏழையின் இரட்டை அச்சு அமெரிக்காவில் மட்டும் விற்கவில்லை.

ஊரும் சரித்திரமும்கூட ஒற்றைக் காசை வைத்துத்தான் பேசுகின்றன. ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவரின் சிதைவுகளைப் பார்க்கும்போது வேலுத்தம்பி தளவாயை நினைக்காமல் இருக்க முடியாது. இதே ஜில்லாவின் தலக்குளத்தில் பிறந்தவர். 1805-ல் கம்பெனியோடு உடன்படிக்கை ஏற்பட்டபோது தளவாயாக இருந்தவர் அவர்தான். ரெசிடெண்ட் மெக்காலேயோடு நட்பாக இருந்தவரும் அவர்தான். அந்த உடன்படிக்கை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பத்தை ராஜ்யத்தின் தலையில் வைத்தது. 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து கம்பெனிக்கு எதிராக அறைகூவல் விடுத்தவரும் அவர்தான். பிப்ரவரி 10-ஆம் தேதி கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரண் வரிசையைக் கைப்பற்றியது. அதே ஆண்டில் மண்ணடியில் அவர் உயிரை விட்டார். 1805-ஆம் வருஷத்துக் காசை மட்டும் எடுப்பவர் ஒரு பெயர் சொல்கிறார். 1809-ஆம் வருஷத்துக் காசை மட்டும் எடுப்பவர் வேறு பெயர் சொல்கிறார். இரண்டையும், நடுவிலிருக்கும் நான்கு வருஷங்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவருக்குத் தீர்ப்புச் சொல்வது கடினமாகிவிடுகிறது. கடினமாவது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எல்லாவற்றையும் தேய்மானம் என்று மன்னித்துவிட்டால், பிறவிக் குணம் என்று ஒன்றுமே இல்லையா? உண்டு. இருநூறு காசிலும் அதே இடத்தில் அதே கோணல் இருந்தால் அதை அச்சின் கோணல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொள்ள மறுப்பதும் பொய்தான். தவிர, தேய்மானமும் பிறவியாக மாறுகிற இடம் உண்டு. 1937-ல் டென்வர் நாணயச் சாலையில் ஐந்து சென்ட் காசின் அச்சுகள் ஒன்றோடொன்று மோதி வடு விழுந்துவிட்டது. வடுவைப் போக்க அச்சைத் தேய்த்த தொழிலாளி, அதிலிருந்த காட்டெருமையின் காலையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அச்சிலிருந்து வந்த எருமைகள் எல்லாம் மூன்று காலோடுதான் பிறந்தன. தகப்பனுக்கு வாழ்க்கை கொடுத்த வடு, பிள்ளைக்குச் சுபாவமாகப் போய்விடுவதை நாம் வீடுகளில் பார்ப்பதில்லையா? அந்தப் பிள்ளையைப் பார்த்து, இவன் அச்சே கோணல் என்று சொல்லுமுன், அச்சைத் தேய்த்தது யார் என்றும் ஒரு கேள்வி கேட்கலாம்.

அண்ணாச்சியிடம், "இருக்கிற காசையெல்லாம் கொட்டும், பார்த்துவிடலாம்" என்றேன். அவர் வீட்டில் ஒரு பழைய சக்கரப் பலகை இருந்தது. வெள்ளிச் சக்கரம் மிளகை நசுக்கி வைத்தது போல அத்தனை சிறியது. அதைக் கையால் எண்ணி மாளாது. ஆகவே மரப் பலகையில் வரிசை வரிசையாகக் குழி வெட்டி, ஒரு கை சக்கரத்தைக் கொட்டிக் குலுக்குவார்கள். குழிக்கு ஒன்று வீதம் உட்கார்ந்துவிடும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை தயார். பலகை எண்ணும், பார்க்காது. எங்கள் வேலை அதற்கு நேர்மாறானது. பாயை விரித்து, சன்னலைச் சாத்தி (இல்லாவிட்டால் காசே பறந்துவிடும் போலிருந்தது), ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 217 காசுகள். மத்தியானம் மூன்று மணி ஆயிற்று.

சங்கின் அடியில் ஏதோ இருந்த காசுகள் 9 அகப்பட்டன. முதல் இரண்டு மூன்று அகப்பட்டபோது அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது, "பாத்தீரா, நான் சொல்லலே?" என்றார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கதை வேறாயிற்று. ஒன்றில் ஊசி முனையளவு. அடுத்ததில் அதைவிடச் சற்றுப் பெரிது. அண்ணாச்சி காட்டிய காசில் நல்ல புள்ளி. அதற்கடுத்ததில் புள்ளியிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கிளம்பியிருந்தது. கடைசி இரண்டில் அந்தக் கோடு விளிம்புவரை ஓடிவிட்டது. புள்ளியும் உருக்குலைந்து கட்டியாக நின்றது. எல்லாம் ஒரே அச்சில் அடித்த காசுகள். அவருடைய தகப்பனார் கஜானாவிலிருந்து ஒரே சமயத்தில் மாற்றிய புதுக் காசாக இருக்க வேண்டும். தனி வகை அல்ல. ஓர் அச்சு உடைந்துகொண்டே வேலை செய்திருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஐம்பது வருஷம் தராசு பிடித்த கண்களுக்கு அது தெரியாதா? சற்று நேரம் பேசாமல் இருந்தார். நல்ல காசு ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் பாட்டிலில் போட்டுவிட்டால், அந்த ஒரு வரியை நான் எழுதிக் கொடுத்துவிடலாம், கேட்பார் இல்லை. அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அவருக்கும் வந்திருக்கலாம். இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறகு அவர் குனிந்து அந்த ஒன்பதையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினார். முதல் காசைத் தொட்டார். கடைசிக் காசைத் தொட்டார். "தம்பி, இதுல வருஷம் கெடயாதுல்லா? எது மூப்பு, எது இளசுன்னு ஒருத்தருக்கும் தெரியாதுன்னு எங்கப்பா சொல்லுவா. இப்பத் தெரிஞ்சு போச்சே!" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பிறவியாக இருந்திருந்தால் ஒன்பதும் ஒரே மாதிரி இருந்திருக்கும். எது முந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. தேய்மானம்தான் அந்தக் காசுகளுக்கு முன், பின் என்று ஒரு வரிசையைக் கொடுத்திருந்தது. நான் குறை என்று மட்டும் பார்த்ததை அவர் வரலாறாகப் பார்த்துவிட்டார். எந்தப் புத்தகத்தைப் படித்து நான் இதைக் கற்றுக்கொண்டிருக்கப் போகிறேன்?

எழுதிக் கொடுத்தேன்; ஒரு வரி அல்ல, ஒரு பக்கம். ஒன்பது காசும் ஒரே அச்சின் ஒன்பது நிலைகள், தனி வகை அல்ல என்று எழுதினேன். 40,000 ரூபாய்க்காரரிடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை. அண்ணாச்சி தென்னந்தோப்பை இரண்டு வருஷக் குத்தகைக்கு விட்டு, முன்பணம் வாங்கிக் கட்டணம் கட்டினார். பேத்தி படித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பது காசும் ஓர் அட்டையில், வரிசை கலையாமல், அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றன.

ஊர் திரும்பியதும் அந்தத் தட்டெழுத்து நண்பரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது அவருக்கும் பேரக் குழந்தைகள். எத்தனையோ வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன், ஸார்" என்றார். அது உண்மையா, உபசாரமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பேச்சு ஒரு காசுதானே? அடுத்த மாதம் நேரிலேயே போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன்.